சுருதிக் குழாய்

மாதா கோயில் தேர்ப்பவனி கிளம்பப் போகிறது. எமிலினின் பிரெஞ்சு ஹார்னில் சுருதிக் குழாய் அசைய மாட்டேன் என்கிறது. வெயிலில் பித்தளை காய்ந்து சுருதி ஏறிவிட்டது. குழாயை விரலகலம் வெளியே இழுத்தால்தான் பாண்டோடு சேரும். அதன் வளைவுக்குள் துண்டை நுழைத்துத் தனியாக மல்லுக்கட்டிப் பார்த்தாள்.

"ஏலே தார்சிஸ், ஒரு கை பிடி!" என்று கத்தினார் பாண்டு மாஸ்டர்.

இரு வீட்டாரும் பேசிய அவர்கள் கல்யாணப் பேச்சு முறிந்த நாளிலிருந்து, பக்கத்து நாற்காலியில் டிராம்போன் வாசித்தும் அவளிடம் வாய் திறக்காதவன் தார்சிஸ். வந்தான். துண்டின் இரு முனைகளையும் சுருட்டிப் பிடித்தான். அவள் ஹார்னை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"இழுங்க! இன்னும்! விட்றாதீங்க!"

டப்பென்று குழாய் பிடுங்கிக்கொண்டு வர, ஆளுக்கொரு பக்கம் மல்லாந்து விழுந்தார்கள். முதலில் சிரித்தது யாரென்று தெரியவில்லை. அவன் மூச்சிரைக்க குழாய்க்குப் பூசும் வாஸ்லின் டப்பாவை நீட்டினான்.

"தடவு. இல்லன்னா மறுபடி இறுகிக்கிடும்."

எமிலின் குழாயில் ஒட்டியிருந்த பழைய பிசுக்கையும் சுத்தமாகத் துடைத்தாள். உலர்ந்த குழாயை, விரலகலம் வெளியே விட்டு, அப்படியே செருகினாள்.

"இறுகட்டும்."

பெரிய மேளம் அதிர்ந்தது. தார்சிஸ் சிரித்தபடி எழுந்து, டப்பாவைக் கோயில் மதிலுக்கு அப்பால் வீசி எறிந்தான்.