எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கம்

“ஆலைப் பக்கமா சுத்தி, மெதுவா ஓட்டுங்க. குலுக்கல்ல நம்ம எல்லைக்குள்ளயே பெத்துட்டான்னா பழி உங்க தலையிலதான் விழும்” என்றாள் உர்சுலா.

கழுதை வண்டியில் பரப்பிய வைக்கோல் மேல் தாம்சின் சாய்ந்து கிடந்தாள். நிறைமாத வயிற்றை இரண்டு கைகளாலும் அணைத்துப் பிடித்திருந்தாள். உர்சுலாவின் கணவன் ஜெர்வஸ் கழுத்தைத் தேய்த்துக்கொண்டான். விடிவதற்கு முன்னாலேயே, மூட்டைப்பூச்சி என்று சொல்லி அவன் தலைக்கு அடியிலிருந்த தலையணையை உர்சுலா உருவிக்கொண்டு போயிருந்தாள். வெறும் பலகையில் தலை வைத்ததில் கழுத்து பிடித்துக்கொண்டது.

அவன் தொழில் பீப்பாய் செய்வது. ஹார்ன்லியில் ஊர்க்காவல் வேலை வீட்டுக்கு வீடு முறை வைத்து வரும். இந்த வருஷம் அவன் முறை. சம்பளம் கிடையாது, திட்டு மட்டும் தாராளம். ஊர் ஊராகத் திரிகிறவர்களைப் பிடித்து, சவுக்கடி கொடுத்து, எல்லைக்கு வெளியே கொண்டுபோய் விட வேண்டும். வருகிறவள் வயிற்றுப்பிள்ளைக்காரி என்றால் ஊரே பதறும். தகப்பன் பேர் இல்லாத பிள்ளை எந்த மண்ணில் பிறக்கிறதோ அந்த ஊருக்குத்தான் சொந்தம், வளர்க்கிற செலவும் அந்த ஊர் வரியில்தான் என்று லண்டனில் உட்கார்ந்து சட்டம் போட்டிருந்தார்கள். போன வருஷத்து முறைக்காரர் அரை மணி நேரம் அசந்துவிட்டார். அதற்குள் ஒருத்தி ஆலை வாசலில் பெற்றுவிட்டாள். இன்றைக்கும் அவரோடு யாரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து குடிப்பதில்லை.

நேற்றுப் பொழுது சாய்கிற நேரத்தில்தான் தாம்சினைத் தன் வைக்கோல் கொட்டகையிலேயே ஜெர்வஸ் கண்டான். அப்போதே கிளப்பியிருக்க வேண்டும். இருட்டில் எங்கே போவாள், விடியட்டும் என்று உர்சுலா தடுத்துவிட்டாள். காலையில் எட்டிப் பார்த்து, வயிறு அப்படியே இருப்பதைக் கண்ட பிறகுதான் அவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

ஆலையைச் சுற்றிப் போனதில் ஒரு மணி நேரம் கூடுதலாயிற்று. வழியில் இரண்டு தடவை தாம்சின் வண்டியை நிறுத்தச் சொன்னாள். நிறுத்தும்போதெல்லாம் தேவாலயக் கோபுரத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். அவள் சட்டையின் முன்புறம் ஈரமாக இருந்தது. பனி என்று நினைத்துக்கொண்டான்.

பேச்சுக் கொடுத்தான். பிள்ளைக்குத் தகப்பன் ஒரு சிப்பாய் என்றாள். கல்யாணம் செய்துகொள்கிறேன் என்று சொல்லிவிட்டுச் சண்டைக்குப் போனவன், அங்கேயே செத்துப்போனான்.

“உனக்கு எந்த ஊரு?”

“தெரியாதுங்கய்யா. எங்கம்மா என்னை ரோட்டோரமா பெத்துப் போட்டா. அது எந்த ஊரு ரோடுன்னு யாரும் எழுதி வைக்கல. போற இடமெல்லாம் நீங்க கேட்டதையேதான் கேக்குறாங்க. பதில் இல்லேன்னா சவுக்க எடுக்குறாங்க.”

அவன் சவுக்கை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தான். அதைச் சொல்லிக்காட்ட வெட்கமாக இருந்தது. நாற்பது வயதில் நூறு வயது ஆனவன்போல் கழுதைக்குப் பக்கத்தில் நடந்தான்.

எல்லைக் கல் ஓடைக்கரையில் இருந்தது. அதற்கு அந்தப் பக்கம் வெல்டன் ஊர். அவளைக் கைகொடுத்து இறக்கினான். கால் தடுமாறியபோது வயிற்றைத் தாங்கப் போன அவன் கையை அவள் வெடுக்கென்று தள்ளிவிட்டாள். கல்லைத் தாண்டி நாலடி தள்ளி உட்கார வைத்து, தன் காலைச் சாப்பாட்டுக்கு வைத்திருந்த ரொட்டியையும் பாலாடைக்கட்டியையும் அவள் மடியில் வைத்தான்.

“என்னைச் சபிக்காத தாயி. நான் ஆசப்பட்டு இந்த வேலைக்கு வரல.”

“உங்கள எதுக்குச் சபிக்கணும்? என் புள்ளைக்குன்னு ஒரு ஊரு இருந்தா எனக்கு அது போதும்.”

வெல்டன்காரர்களும் மத்தியானத்துக்குள் இவளை இன்னொரு வண்டியில் ஏற்றத்தான் போகிறார்கள். அது அவளுக்கும் தெரியும். ஜெர்வஸ் கழுதையைத் திருப்பினான்.

திரும்பி வரும்போது தேவாலய வாசலில் உர்சுலா நின்றிருந்தாள். மார்போடு சால்வையை இறுக்கிப் போர்த்தியிருந்தாள். பின்னால் பாதிரியார் கை துடைத்துக்கொண்டிருந்தார்.

“விட்டாச்சா?”

“கல்லுக்கு அந்தப் பக்கம். நல்லவேள, இங்க பெக்கல. ஊரு தப்பிச்சுது, நானும் தப்பிச்சேன்” என்றபடி அவன் கழுதையை அவிழ்க்கக் குனிந்தான்.

“அவுக்காதீங்க, இன்னொரு நடை போகணும்.” உர்சுலா சால்வையை விலக்கினாள். உள்ளே ஒரு சிவந்த முகம் கொட்டாவி விட்டது. “ராத்திரி நம்ம கொட்டகையில பொறந்தது. அப்பவே சொல்லியிருந்தா ரெண்டு பேரையும் வண்டியில ஏத்தியிருப்பீங்க. இப்ப ஞானஸ்நானம் ஆயிடுச்சு. பொறந்த ஊரு ஹார்ன்லின்னு பதிவேட்டுல எழுதியாச்சு, யாராலயும் அழிக்க முடியாது. பால் குடிக்கிற புள்ளைய தாய்கிட்டேருந்து பிரிக்கக் கூடாதுன்னும் உங்க சட்டத்துலயே இருக்காம். போய் அவளக் கூட்டிட்டு வாங்க. அப்படியே அவ வயித்துல கட்டியிருக்குற உங்க தலையணையையும் வாங்கிட்டு வந்துடுங்க.”