தொண்ணூறாவது நொடி

“ஒரு சீட்டு இறக்க முழுசா தொண்ணூறு நொடி! வேணும்னே கடுப்பேத்துறான்.” நியூசிலாந்தின் டனீடின் நகரில் கணினி முன் பொருமினாள் ரேவா.

சீட்டு சேர்த்து மோதும் இணைய விளையாட்டு அது; ஒரு முறைக்குத் தொண்ணூறு நொடிதான் கெடு. அதில் அவள் பெயர் ‘ஈரக்குடை’. எதிராளி ‘நத்தை’, ஜப்பான்காரர். மூன்று வருஷமாகத் தினமும் மல்லுக்கட்டு.

“விட்டுட்டு எந்திரியேன்” என்றான் கணவன் கேலம்.

“நானா? அவன் ஓடுற வரைக்கும் நகர மாட்டேன். இன்னிக்குப் புகார் குடுத்து அவன் கணக்கையே முடக்கறேன் பாரு.”

“அவன் புண்ணியத்துலதான அந்த ஜப்பான் கதையைப் படிச்சே?”

உண்மைதான். படமும் இசையுமாகத் திரையில் விரியும் அந்தக் கதையின் மொழிபெயர்ப்பை, நத்தை இழுத்தடித்த நேரத்தில்தான் படித்தாள், அழுதாள். ஆசிரியர் குறிப்பு மட்டுமே பாக்கி. புகார்ப் பொத்தானில் விரலை வைத்துக்கொண்டே அதைத் திறந்தாள்.

“கழுத்துக்குக் கீழே எனக்கு அசைவில்லை. ஒவ்வோர் எழுத்தையும் கண்ணசைவால் எழுதினேன். ஓய்வுக்கு ‘நத்தை’ என்ற பெயரில் சீட்டாடுகிறேன். எல்லோரும் பாதியில் போய்விடுகிறார்கள். ‘ஈரக்குடை’ மட்டும் பொறுமையாகக் காத்திருக்கிறார். இந்தக் கதை அவருக்கு.”

“ஏய், அவன் ஆடிட்டான். உன் முறை!” என்றான் கேலம்.

ரேவாவுக்குத் திரை கலங்கித் தெரிந்தது. அன்று தொண்ணூறாவது நொடிவரை இழுத்தது அவள்தான்.