பேரரசி கொடுத்த முதல் துண்டு

மரில்டா கத்தியைக் கேக்கின் அடியில் செருகி மேல்நோக்கி இழுத்தாள்.

கீழிருந்து மேலே வெட்டினால்தான் வேண்டுதல் பலிக்கும். கண்களை இறுக்க மூடிக்கொண்டு எதையோ வேண்டினாள். என்னவென்று நான் கேட்கவில்லை. கேட்கவும் கூடாது.

தலையில் கிரீடம், தரையைக் கூட்டும் நீலப் பட்டு அங்கி. ஐம்பதாவது பிறந்தநாளில் என் தோழி பிரேசிலின் பேரரசியாகிவிட்டாள். ஆக்கியவள் நான்.

தீவு மாளிகையில் எங்கள் கடைசிப் பேரரசர் கொடுத்த கடைசி நடன விருந்து என்றால் மரில்டாவுக்குப் பள்ளி நாளிலிருந்தே பைத்தியம். அந்த விருந்தை அப்படியே நித்தெரோய் படகுக் கிளப்பின் கூடத்துக்குள் இறக்கிவிட்டேன். சரவிளக்கு, மயிலிறகு, வால்ட்ஸ் நடன இசை வாசிக்க ஆட்கள், எதிலும் குறைவைக்கவில்லை. என் கணவர் அதெமாருக்குக் கடற்படைத் தளபதி வேடம். அவர் தோளில் சரிகை தைத்ததும் நான், மூக்குக்குக் கீழே ஒட்டுமீசை ஒட்டியதும் நான்.

அந்தக் காலத்து விருந்து முடிந்து கூடத்தைப் பெருக்கியபோது மூலைக்கு மூலை சீமாட்டிகளின் உள்ளாடைகள் கிடந்தன என்று ஒரு வதந்தி உண்டு. அதனால் அழைப்பிதழின் அடியில், ‘உடுத்தி வந்ததை உடுத்திக்கொண்டே திரும்பவும்’ என்று அச்சடித்திருந்தேன். ஊரே சிரித்தது.

மரில்டாவின் சித்தி லிந்தௌரா மட்டும் சிரிக்கவில்லை. “அந்த விருந்து நடந்த ராத்திரியிலதான் அக்கரையில பட்டாளத்துக்காரனுங்க உட்காந்து ராஜாவைக் கவுக்கத் திட்டம் போட்டானுங்க. அடுத்த வாரமே ராஜா காலி. போயும் போயும் இதுதான் கெடச்சுதாடி உனக்கு?” என்று வாசலிலேயே ஒரு பிடி பிடித்தாள்.

“கவுந்தா ராஜா கவுழட்டும் சித்தி, நம்ம ராணிக்கு என்ன?” என்றேன். எனக்கு வாய் ஜாஸ்தி.

கூட்டம் கைதட்ட ஆரம்பித்தது. “யாருக்கு? யாருக்கு? முதல் துண்டு யாருக்கு?”

முதல் துண்டு மனத்துக்கு மிக நெருங்கியவருக்குப் போக வேண்டும். அதை எத்தனை பேர் முன்னால் கொடுக்கிறோம் என்பதில்தான் அதன் மரியாதை. அந்த ஒரு துண்டுக்காக வருடக்கணக்கில் முகம் பார்க்காத அக்கா தங்கைகளை எனக்குத் தெரியும். மரில்டாவுக்கு அம்மா இல்லை, பிள்ளை இல்லை, இருந்த புருஷனும் விட்டுப் போய்விட்டான். அவன் இருந்த காலத்திலேயே அவளுடைய முதல் துண்டு எனக்குத்தான்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அது வேண்டும். என் பிள்ளைகள் தங்கள் முதல் துண்டைத் தங்கள் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறார்கள். அதெமார் தன்னுடையதைத் தன் அம்மாவுக்குக் கொடுப்பார். என்னை முதலில் வைக்க இந்த உலகத்தில் இருப்பவள் ஒருத்திதான்.

கையுறையைக் கழற்றிவிட்டுத் தயாராக நின்றேன்.

மரில்டா தட்டோடு வந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். என்னைத் தாண்டிப் போய் அதெமாரின் எதிரே நின்றாள்.

“இந்த வருஷம் நம்ம தளபதிக்கு! நாற்காலி தூக்கித் தூக்கி முதுகே ஒடிஞ்சுபோச்சு, பாவம்!”

கூடம் அதிர்ந்தது. யாரோ என் இடுப்பில் இடித்து, “ஜுரேமா, உன் பதவி பறிபோச்சுடி!” என்றார்கள். நானும் சிரித்துவைத்தேன். பரவாயில்லை, என் வீட்டுக்குத்தானே வருகிறது என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அப்போதுதான் பார்த்தேன். தட்டை நீட்டுவதற்கு முன், யாருடனோ பேசிக்கொண்டே, மரில்டா முள்கரண்டியால் துண்டின் நடுவிலிருந்த பிளம்பழத்தைக் குத்தியெடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டாள். கண் அந்தப் பக்கம் போகவே இல்லை. கை தானாகச் செய்தது.

அதெமாருக்குப் பிளம்பழம் ஆகாது. ஆனால் அது ஊருக்குத் தெரியாது. வைத்ததை மிச்சம் வைக்கக் கூடாது என்று வளர்க்கப்பட்ட மனிதர். மேசைக்கு மேலே சிரித்துப் பேசிக்கொண்டே, யாரும் பார்க்காதபோது பிளம்பழத்தை என் தட்டுக்குத் தள்ளிவிடுவார். நான் தின்றுவிடுவேன். கல்யாணமான நாளிலிருந்து அது என் வேலை. எங்கள் பிள்ளைகளுக்குக்கூட அது தெரியாது.

நான் எப்போதாவது வாய் தவறி அவளிடம் சொல்லியிருப்பேனோ? எனக்கு வாய் ஜாஸ்திதானே. சொல்லியிருப்பேன், சொல்லியிருக்க வேண்டும் என்று மனம் அடித்துக்கொண்டது. ஒரு நாளைத் தேடினேன், ஒரு பேச்சைத் தேடினேன், ஒன்றும் கிடைக்கவில்லை. இருந்தாலும் அந்த நம்பிக்கையை விடாமல் பிடித்துக்கொண்டு என் புருஷனைப் பார்த்தேன்.

அதெமார் சந்தேகப் பேர்வழி. அத்தனை பழத்தையும் எடுத்துவிட்டேன் என்று நானே சத்தியம் பண்ணிக் கொடுத்தாலும், துண்டை ஒருமுறை கிளறிப் பார்க்காமல் வாயில் வைக்கமாட்டார். இத்தனை வருடத்தில் ஒருநாளும் வைத்ததில்லை.

மரில்டாவின் கையிலிருந்து தட்டை வாங்கினார். கிளறவில்லை. பெரிய விள்ளலாக வெட்டி வாயில் போட்டுக்கொண்டு மென்றார்.