அரை ஏக்கர்

"அரை ஏக்கர் குறைச்சு எழுதுங்க அண்ணன், கையெழுத்துப் போடுறன்" என்று செபமாலை போனில் சொன்னதும் அரியரத்தினத்துக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. உழுதவன் இவன். இப்போது பேரம் வேறு பேசுகிறான்!

மட்டக்களப்பில் அரியரத்தினத்துக்கு ஒன்பது ஏக்கர் மேய்ச்சல் தரை இருந்தது. சண்டைக் காலத்தில் துவக்கும் தோட்டாவுமாக வந்தவர்கள், புல்லுத் தரையெல்லாம் உழுது சோளம் போட வேண்டும் என்று கட்டளை போட்டார்கள். அதற்கு முன்னமே அவர் குடும்பத்தோடு ஊரைவிட்டு ஓடிவந்திருந்தார். உழுதது அதே ஊர்க்காரன் செபமாலையின் டிராக்டர்.

முப்பது வருடம் கழித்து இப்போதுதான் இழப்பீடு தருகிறார்களாம். அதற்கு எத்தனை ஏக்கர் உழுதது என்று உழுதவனே சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டுமாம். அவனும் வந்து சேர்ந்திருப்பது கனடாவில் அவர் இருக்கும் இதே மொன்றியலில். தலைவிதியைப் பாருங்கள்.

மாடுகள் போனதைக்கூட அரியரத்தினம் மறந்திருப்பார். ஆனால் காய்ச்சலில் போன மூத்த மகளை, சின்னப் பிள்ளையை எரிக்கக் கூடாது என்று, அந்தத் தரையில்தான் தாட்டிருந்தார்கள். அவள் மேலேயும் கலப்பை ஓடியிருக்கும் என்ற நினைப்பு அவரை நிம்மதியாகத் தூங்கவிட்டதில்லை. கடையில் செபமாலையைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அவன் காலை இழுத்து இழுத்து நடப்பதைப் பார்த்து, கடவுள் சும்மா விடுவாரா என்று மனைவி ஜெயமதியிடம் வாய்விட்டே சொல்லியிருக்கிறார்.

போக வேண்டாம் என்று ஜெயமதி தடுத்தும் கேட்காமல், பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் பனி உறைந்த படிகளில் ஏறிப் போய்ச் செபமாலையின் கதவைத் தட்டினார்.

செபமாலை தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தான். அவர் தொடவில்லை.

"ஒன்பது ஏக்கரையும் உழுதுபோட்டு, அரை ஏக்கரைக் குறைச்சா உன்ட பாவம் குறைஞ்சிடுமா?"

செபமாலை தலை நிமிரவில்லை.

"முழுக்க உழுதன் எண்டு பொய் சொல்ல ஏலாது அண்ணன். மருதமரத்தடிய நான் தொடல்ல. அங்கதானே உங்கட புள்ள கிடக்கா."

அரியரத்தினம் தேத்தண்ணியைக் கையில் எடுத்தார். இத்தனை வருடம் மனதுக்குள் இவனைத் திட்டித் தீர்த்ததெல்லாம் ஒன்றாகத் திரண்டு வந்து அவரையே அடித்தது.

"உழமாட்டன் எண்டா அவங்க சும்மா விட்டாங்களா?" என்று மெல்லக் கேட்டார்.

"ஊரில டிராக்டர் ஓட வேற ஆள் இல்ல. அதால அந்த அரை ஏக்கர் தப்பிட்டுது" என்ற செபமாலை, முழங்காலைத் தடவிக்கொண்டே சொன்னான்:

"இந்தக் கால்தான் தப்பயில்ல."