எட்டின் இடது பக்கம்

"இன்னும் கருப்பு பத்தலம்மா."

இது மூன்றாவது தடவை. கடைக்காரிக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

வந்தவர் கண்ணாடி போன்ற பிலிம் தாளை டியூப் லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். அதில் இருந்தது ஒரே ஒரு போன் நம்பர். சட்டை முதுகில் அச்சடிக்கிறவரிடம் கொண்டுபோய்க் கொடுக்க. இதற்குத்தான் காலையிலிருந்து உயிரை வாங்குகிறார்.

"சார், அஞ்சு சட்டைக்குத்தானே? சாதா செட்டிங்கே தாராளம். எல்லாருக்கும் அதுலதான் போட்டுத் தரேன்."

"வெளிச்சம் ஊடுருவுதே. அந்த இடத்துல சட்டையில மை விழாதுன்னு சொன்னாங்க."

சொன்னாங்களாம்! பல்லைக் கடித்துக்கொண்டு பிரிண்டர் செட்டிங்கைத் திறந்தாள். பேப்பர் வகையை 'போட்டோ பேப்பர்' என்று மாற்றினாள். அப்போதுதான் மிஷின் மையை அள்ளிக் கொட்டும். போதாததற்கு மை அடர்த்தியையும் கடைசி வரை ஏற்றினாள்.

தார் பூசியது போல் வந்தது பிலிம். ஈரம் காயவில்லை. எட்டின் ஓட்டை இரண்டும் அடைந்தே போயிருந்தன.

"இப்ப சந்தோஷமா?"

"எட்டு சரியா இல்லையேம்மா."

"ஒரு எட்டுக்கு என்ன சார் இந்தப் பாடு? வேற வேலையே இல்லையா உங்களுக்கு?" குரல் உயர்ந்தேவிட்டது.

அவர் கோபப்படவில்லை. கையிலிருந்த பழைய கவரைச் சுருட்டியபடியே சொன்னார்.

"எங்க அண்ணன் வாய் பேச மாட்டாரும்மா. கதவு திறந்திருந்தா நடந்து போய்ட்டே இருப்பாரு. அதான் முதுகுல என் நம்பர். போன தடவை அச்சடிக்கிறவரே ஒரு கடையில பிலிமும் போட்டு எடுத்துட்டு வந்துட்டாரு. கருப்பு பத்தாம, எட்டோட இடது பக்கம் சட்டையில விழல. மூணாயிடுச்சு. நம்ம நம்பர்தானேன்னு நானும் படிச்சுப் பார்க்கல. அவரைப் பார்த்தவங்க எல்லாம் வேற யாருக்கோ போன் பண்ணியிருக்காங்க. மூணாம் நாள்தான் கிடைச்சாரு."

அவள் மிஷின் பக்கம் திரும்பினாள். அடர்த்தியை இரண்டு புள்ளி குறைத்து, தரத்தை உச்சத்தில் வைத்து, மறுபடி போட்டாள். நன்றாகக் காயவிட்டு, தானே லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். கன்னங்கரேல். எட்டு எட்டாகவே இருந்தது.

"அந்த பிலிமைப் போட்டது எந்தக் கடை சார்? இப்படியா பொறுப்பில்லாம இருப்பாங்க? நேர்ல போய் நாலு வார்த்தை கேட்டீங்களா, இல்லையா?"

"அதெல்லாம் எதுக்கும்மா இப்ப? விடுங்க."

"சரி, கவரைக் குடுங்க. செட்டிங்கை மேல எழுதித் தரேன். அடுத்த தடவை இந்தத் தொல்லை இருக்காது." பச்சை மார்க்கரைத் திறந்தாள். எல்லாருக்கும் அப்படி எழுதிக் கொடுப்பது அவள் வழக்கம்.

"வேணாம்மா, நான் ஞாபகம் வெச்சுக்கறேன்."

"குடுங்க சார்!" வாங்கிச் சுருளைப் பிரித்தாள்.

ஏற்கெனவே பச்சை மார்க்கரில், அவள் கையெழுத்திலேயே எழுதியிருந்தது: 'ஒரு நம்பர்தான். சாதா செட்டிங் போதும்.'