பன்னிரண்டு பேருக்கு ஒரு நாக்கு

கிர்ர்ர்!

செல்வராணியின் நாக்குக்கு அடியில் ஒட்டியிருந்த வில்லை அதிர்ந்தது. கிறிஸ்துமஸ் விடுமுறை விஸ்கிக் குழு கூடிவிட்டது. திரையில் பன்னிரண்டு முகங்கள். யார் கையிலும் கோப்பை இல்லை; அவள் நாக்கில் படும் ருசியை அந்த மின்வில்லை அவர்கள் நாக்கிலிருந்த வில்லைகளுக்கு அனுப்பிவிடும். ருசி அவர்களுக்கு, போதை அவளுக்கு, அதுதான் ஏற்பாடு.

முதல் மடக்கை வாயிலேயே வைத்திருந்தாள்.

"முழுங்குங்க மேடம். நெஞ்சுல சூடா இறங்கணும், அதுக்குத்தானே உங்களை புக் பண்ணோம்?" என்றார் டாக்டர் இளம்பரிதி.

"டாக்டருக்கு அவரு லிவர் மட்டும் பத்திரமா இருக்கணும்!" என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்.

விழுங்கினாள். ஐந்தாவது கோப்பையில் திரை ஆடியது. அவர்கள் தெளிவாக, 'தேன், புகை, ஈர மரம்' என்று குறிப்பெழுதினார்கள்.

இந்தக் குடி நாற்றம் பொறுக்காமல்தான் போன வருடம் கணவனை வீட்டைவிட்டுத் துரத்தினாள். ஜவுளிக்கடை வேலையும் போனபின் கிடைத்தது இது ஒன்றுதான். மகள் அனிலா பக்கத்து வீட்டில் ஸ்டார் கட்டிக்கொண்டிருந்தாள். அவள் வருவதற்குள் பல் துலக்கி, குளித்து, ஜன்னல்களைத் திறந்துவிடுவது செல்வராணியின் வழக்கம்.

"மேடம், அந்த மூணாவதை இன்னொரு தடவை!"

"நேரம் முடிஞ்சிடுச்சு சார்."

"பண்டிகை நேரத்துல கணக்குப் பார்க்காதீங்க மேடம்."

குடித்தாள். கோப்பையைக் கீழே வைப்பதற்குள் கதவு திறந்தது. அனிலா வாசலிலேயே நின்று மூச்சை இழுத்தாள். அவள் முகம் மலர்ந்தது.

"அம்மா, அப்பா வந்துட்டாரா?"