நாற்பத்தேழரை கிலோ

வேர்க்கடலை மூட்டை நிறுக்கும் மெஷின்மேல் தாவூத் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“மூச்ச வுடு பாய், அதுக்கெல்லாம் எடை கெடையாது” என்று சிரித்தபடி எடைக்காரர் பாண்டுரங்கன் குண்டை நகர்த்தினார். “நாப்பத்தேழர.”

செஞ்சி மல்லாட்டை மண்டியே திரும்பிப் பார்க்க, தாவூத் கைதட்டினான். மூன்று மாதத்தில் நாலரை கிலோ ஏறியிருக்கிறது.

மண்டியில் எல்லோரிடமும் டைபாய்டு என்றுதான் சொல்லிவைத்திருந்தான். உண்மையில் பம்பாய்க்கு லாரி ஓட்டிய காலத்தில் ஒட்டிக்கொண்டது, பேப்பரில் அப்போதுதான் பேர் அடிபடத் தொடங்கியிருந்த எய்ட்ஸ் கிருமி.

மருந்தே இல்லை என்று மெட்ராஸ் டாக்டர் கையை விரித்துவிட்டார். சதை கரையாமல் இருந்தால் உடம்பு கொஞ்சம் தாக்குப்பிடிக்கும், வயிறாரச் சாப்பிட்டு மூன்று மாதம் கழித்து எடை பார்க்க வேண்டும் என்றார்.

சாப்பிட்டானே! முட்டை, வேகவைத்த மல்லாட்டை, ஞாயிறானால் எலும்பு சூப். போதும் என்றாலும் மனைவி மெஹர் பானு தட்டை எடுக்கவிடமாட்டாள்.

தோளைத் தானே அழுத்திப் பார்த்தான். வீக்கமில்லை, சதைதான். பிழைத்துவிடுவோம் என்று முதல்முறையாகத் தோன்றியது. சந்தோஷத்தில் அவனுக்குத் தலைகால் புரியவில்லை.

மூட்டைகளின் ஓரமாக, துப்பட்டியை இழுத்துப் போர்த்திக்கொண்டு மெஹர் பானு நின்றிருந்தாள். அவன் சிரிப்பதைப் பார்த்து அவளும் சிரித்தாள்.

“நீயும் ஏறு மெஹரு, ஒனக்கும் பாத்துடலாம்.”

“வேணாங்க, பஸ்ஸு போயிடும்” என்றாள்.

அவன் விடுவதாக இல்லை. கையைப் பிடித்து இழுத்து ஏற்றிவிட்டான்.

பாண்டுரங்கன் குண்டை அதே இடத்தில் விட்டுப் பார்த்தார். மெஷினின் குறுக்குக்கட்டை எழும்பவில்லை. பின்னால் தள்ளினார். நாற்பதுக்குக் கீழே போயும் அவர் கை நிற்கவில்லை. சிரிப்பை மட்டும் நிறுத்திவிட்டார்.

கணவனுக்குப் போட்டுவிட்டு, அப்புறம் சமையல்கட்டில் தனியாகச் சாப்பிடுவது அவள் வழக்கம். கேட்டால், ஆயிற்று என்பாள். சட்டியில் என்ன மிச்சம் இருக்கும் என்று தாவூத் ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை.

கிருமி இருவருக்கும் இருக்கிறது என்றுதான் டாக்டர் சொன்னார். வயிறாரச் சாப்பிடச் சொன்னதும் இருவரையும்தான்.